குழாய் வைத்த இடத்தில் வட்டம்

சனிக்கிழமைக் குளியலுக்காக மிஸஸ் லம் தன் மகளைத் தகரத் தொட்டியில் இறக்கினாள். இறக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

ஐந்து வயதுக் குழந்தையின் நெஞ்சில், இடது பக்கம், ஒரு வட்டம். காம்பஸ் வைத்து வரைந்தது போல ஓரம் சிவந்து, நடு வெளுத்து.

இந்த அளவு வட்டத்தை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று யோசித்தாள். வெகு நேரம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் டாக்டரம்மா குழந்தையின் நெஞ்சில் வைத்துக் கேட்டாளே, ஒரு குழாய். அதன் வாய் இதே அளவு. அவள் வைத்ததும் இதே இடம்.

ஈரக் கையைத் துடைக்காமல் அடுத்த வீட்டுக்கு ஓடினாள்.

எங்கள் ஹால்ட்விக் நகரில், அதுவும் செங்கல் சூளையை ஒட்டிய கில்ன் தெருவில், ஒரு செய்தி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போக ஒரு கெட்டில் தண்ணீர் கொதிக்கிற நேரம் போதும். அன்று கெட்டில் கொதிப்பதற்குள் இன்னும் சில வீடுகளில் பிள்ளைகளின் சட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டார்கள். அங்கும் வட்டம். அதே இடம். எல்லோரும் டாக்டரம்மா பார்த்த பிள்ளைகள்.

ஞாயிற்றுக்கிழமை சேப்பலில் பிரார்த்தனை முடிவதற்குள் தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. வட்டம் வந்தது குழாயிலிருந்து.

*

டாக்டர் வினிஃப்ரெட் ஆஸ்க்யூ வட்டத்தைப் பார்த்ததுமே பெயர் சொல்லிவிட்டாள். படர்தாமரை. உயிருக்கு ஆபத்தில்லை, அயோடின் தடவினால் சில வாரங்களில் மறைந்துவிடும், ஆனால் ஒட்டுகிற வியாதி.

வியாதியின் பெயர் சுலபம். அது வந்த வழிதான் அவளைத் தூங்கவிடவில்லை.

பள்ளிக்கூடத்தில் சேரும் ஒவ்வொரு பிள்ளையையும் டாக்டர் பார்க்க வேண்டும் என்று புதுச் சட்டம் வந்து மூன்று வருஷம்கூட ஆகவில்லை. நகரசபை முனகிக்கொண்டே அவளை வேலைக்கு வைத்தது. ஆசிரியர்கள் தேநீர் குடிக்கிற அறையில் பாதியைத் திரை போட்டு மறைத்துக் கொடுத்தது. அந்தப் பாதி அறையில்தான், மக்கு என்று கடைசி பெஞ்சில் உட்காரவைத்த ஒரு பையனின் காதில் சீழ் இருப்பதை அவள் கண்டுபிடித்தாள். இன்று அவன் முதல் பெஞ்சில் உட்கார்ந்து வாத்தியாரைக் கேள்வி கேட்டே களைக்க வைக்கிறான். இப்படி இன்னும் எத்தனையோ பிள்ளைகள் வரிசையில் காத்திருந்தார்கள்.

நோயைத் தேடிப் போன நாமே நோயைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டோமா?

நர்ஸ் டாபின் ஆறுதல் சொன்னாள். மேட்டுத் தெருவின் சர்ச் பள்ளியிலும் இதே குழாயைத்தானே வைத்தோம், அங்கே ஒரு வட்டமும் இல்லையே என்றாள். அந்த ஆறுதல் நிலைக்கவில்லை. மேட்டுத் தெருப் பிள்ளைகளுக்கு வைக்கும் முன் குழாயைக் கழுவுகிறாள், நமக்கு வைக்கும்போது கழுவுவதில்லை என்று கில்ன் தெரு பதில் வைத்திருந்தது.

அதற்குப் பிறகு டாக்டர் எல்லாத் தாய்மாரின் கண்ணெதிரிலும் குழாயைக் கிருமி கொல்லும் கார்பாலிக் தண்ணீரில் முக்கித் துடைத்தாள். அறை முழுக்க ஆஸ்பத்திரி வாசனை வீசியதுதான் மிச்சம். கடைசியில் மிஸஸ் கிளெக் இடுப்பில் கை வைத்துக்கொண்டு முன்னால் வந்து நின்றாள்.

மிஸஸ் கிளெக்கைத் தெரியாதவர்கள் அந்தப் பக்கம் யாரும் இல்லை. கில்ன் தெருவில் பிரசவம் பார்ப்பதும், பிணத்தைக் குளிப்பாட்டுவதும், சண்டையைத் தொடங்குவதும், அதே சண்டையை முடித்துவைப்பதும் அவள்தான்.

"பிள்ளைய பாருங்க, வேணாங்கல," என்றாள். "ஆனா அந்தக் குழாய் தோல்ல படக் கூடாது. உள்சட்டை மேலேயே வெச்சுக் கேளுங்க. நல்ல கம்பளி, டாக்டரம்மா. நீங்க கேட்ட கம்பளி."

டாக்டர் சம்மதித்தாள். அன்றிலிருந்து கில்ன் தெருப் பிள்ளைகள் யாருடைய தோலிலும் குழாய் படவில்லை.

இரண்டு வாரம் கழித்து, அப்படிச் சட்டை மேல் வைத்துப் பார்த்த பிள்ளைகளின் நெஞ்சிலும் வட்டம் வந்தது.

டாக்டருக்கு உயிர் திரும்பியது. தொடாத குழாய் எப்படித் தொற்று கொடுக்கும்? குற்றவாளி வேறு யாரோ. ஆனால் கில்ன் தெருவின் கணக்கு வேறு மாதிரி போயிற்று. கம்பளியையே துளைத்துக்கொண்டு போகிறதென்றால் அது எப்பேர்ப்பட்ட பொல்லாத குழாய் என்று வாயைப் பிளந்தார்கள்.

இந்த நேரத்துக்காகவே காத்திருந்தவர் கவுன்சிலர் பார்ஸ்லோ. சந்தைச் சதுக்கத்தில் பெரிய ஜவுளிக்கடை வைத்திருப்பவர். பள்ளிக்கு டாக்டர் எதற்கு என்று முதல் நாளிலிருந்து கேட்டு வந்தவர். பரிசோதனையை அடியோடு நிறுத்த வேண்டும் என்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். வியாழக்கிழமை நகரசபையில் ஓட்டு.

"நல்லா இருக்கிற பிள்ளைக்கு நோய் குடுக்க நாம ஏன் சம்பளம் குடுக்கணும்?" என்று தன் கடை கவுண்டரில் நின்று வருகிறவர்களையெல்லாம் கேட்டார். துணி வாங்க வந்தவர்களுக்குப் பதில் தெரியவில்லை.

டாக்டருக்கும்தான்.

*

செவ்வாய்க்கிழமை. ஓட்டெடுப்புக்கு முந்தைய கடைசிப் பரிசோதனை நாள்.

வெளியே மழையும் பனியும் கலந்து கொட்டியது. பிள்ளைகளும் தாய்மாரும் நடையில் வரிசையாக நின்றார்கள். கட்டைச் செருப்புகள் கல் தரையில் சடசடத்தன. கொஞ்சம் தாராளமாகவே எல்லோரும் தும்மினார்கள்.

மிஸஸ் கிளெக்கின் கடைக்குட்டி ஆர்னல்ட் உள்ளே வந்தான், போனான். அடுத்து, வட்டம் ஆறியதா என்று காட்ட, லம் வீட்டுச் சின்னப்பெண். அதற்கடுத்து டில்லி ஹோய்ல் என்ற சிறுமி. வெடவெடவென்று நடுங்கிக்கொண்டு வந்தாள். டாக்டர் அவள் கையைப் பிடித்தாள். ஐஸ் கட்டி. கன்னத்தைத் தொட்டாள். அதுவும் அப்படியே. உதடு நீலம்.

நாடியைப் பார்த்துவிட்டு, வழக்கம்போல உள்சட்டையின் மேல் குழாயை வைத்தாள். சட்டை நழுவாமல் இருக்க இன்னொரு கையால் அதைப் பிடித்தாள்.

பிடித்த கை அப்படியே நின்றது.

சட்டை சுட்டது. அடுப்பிலிருந்து இறக்கிய ரொட்டியைத் துணியில் சுற்றி வைத்தது போல அப்படி ஒரு இதமான சூடு. பிள்ளை பனிக்கட்டி, அவள் போட்டிருக்கும் சட்டை வெதுவெதுப்பு. இவள் உடம்புச் சூடு இல்லையென்றால் இது யாருடைய சூடு?

டாக்டர் முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. இருமச் சொன்னாள். நாக்கை நீட்டச் சொன்னாள். அதற்கு நடுவில் மேஜை மேல் இருந்த அயோடின் பாட்டிலின் கார்க்கில் விரலைத் தேய்த்து, சட்டையின் கீழ் ஓரத்தில், யாரும் பார்க்காத உள்மடிப்பில், ஒரு சிறு பொட்டு வைத்தாள். பழுப்பு நிறப் பொட்டு.

டில்லி போனாள். அடுத்த பிள்ளையை அழைக்க நர்ஸ் டாபின் கதவைத் திறந்தாள். யாரும் வரவில்லை. கொஞ்சம் பொறுங்கள், பிள்ளை கக்கூஸ் போயிருக்கிறான் என்று நடையிலிருந்து குரல் வந்தது. யோசித்துப் பார்த்தால், கில்ன் தெருப் பிள்ளைகள் எல்லோருக்குமே உள்ளே வருவதற்குச் சற்று முன்னால்தான் கக்கூஸ் வரும்.

அடுத்து ஒரு பையன் வந்தான். ஹோய்ல் வீட்டுக்கும் இவன் வீட்டுக்கும் உறவு கிடையாது. டாக்டர் அவன் உள்சட்டையின் ஓரத்தை மெல்ல மடித்துப் பார்த்தாள்.

பழுப்புப் பொட்டு அங்கே இருந்தது.

அவன் போனதும் ஜன்னல் பக்கம் நகர்ந்து, திரைச்சீலையை விரல் அகலம் விலக்கினாள். பின்முற்றத்தில் கரிக்கொட்டகை. அதன் வாசலில் நாலைந்து பெண்கள் சால்வைகளை விரித்துப் பிடித்து ஒரு சுவர் எழுப்பியிருந்தார்கள். சுவருக்குப் பின்னால் மிஸஸ் கிளெக் ஒரு தலையிலிருந்து அந்தச் சட்டையை உருவி, இன்னொரு தலையில் மாட்டிக்கொண்டிருந்தாள். துப்பாக்கிக்குத் தோட்டா போடுகிற சிப்பாயின் வேகம்.

ஐந்து வயதுப் பிள்ளைகள். எல்லோரும் ஏறக்குறைய ஒரே அளவு. ஒரு தெரு முழுவதற்கும் ஒரே சட்டை.

குற்றவாளி கிடைத்துவிட்டது. ஆனால் டாக்டருக்குச் சந்தோஷம் வரவில்லை. மிஸஸ் கிளெக் சொன்ன வார்த்தை ஒன்று இப்போதுதான் காதில் சரியாக விழுந்தது. நீங்க கேட்ட கம்பளி.

போன அக்டோபரில் சேப்பல் ஹாலில் தாய்மார்களுக்கு அவள் பேசிய பேச்சு. குளிர்காலத்தில் தோலை ஒட்டிக் கம்பளி வேண்டும் என்றாள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். கைதட்டல் கொடுத்த தெம்பில், கம்பளி இல்லாத பிள்ளையை என் முன்னால் கொண்டுவராதீர்கள் என்று ஒரு போடு போட்டாள்.

அவர்கள் கொண்டுவரவில்லை. சொன்ன சொல்லைத் தட்டாத பெண்கள்.

*

புதன்கிழமை பிற்பகல் டாக்டர் தனியாகக் கில்ன் தெருவுக்குப் போனாள். நாளை சபையில் நடந்ததை அப்படியே சொன்னால் போதும், அவள் ஜெயித்துவிடுவாள். அதோடு கில்ன் தெருவின் மானமும் சந்தைச் சதுக்கத்துக்கு வந்துவிடும். பார்ஸ்லோவின் வாய் அப்படிப்பட்டது.

மிஸஸ் கிளெக் கதவைத் திறந்தாள். டாக்டரைப் பார்த்ததும் அவள் கழுத்து நிமிர்ந்தது.

"அந்தச் சட்டைய நான் பாக்கணும்," என்றாள் டாக்டர்.

"எந்தச் சட்டை?"

"ஓரத்துல அயோடின் பட்ட சட்டை."

மிஸஸ் கிளெக் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, டாக்டரை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். பிறகு கொட்டினாள். சத்தம் போடாமல், பல்லைக் கடித்துக்கொண்டு.

போன வருஷப் பரிசோதனைக்குப் பள்ளிக் கமிட்டியிலிருந்து ஒரு சீமாட்டி உதவிக்கு வந்திருந்தாளாம். மிஸஸ் லம்மின் மூத்த பெண் சட்டையைக் கழற்றியபோது உள்ளே செய்தித்தாள் சுற்றியிருந்ததாம். குளிருக்குச் செய்தித்தாளைவிட மலிவாக என்ன கிடைக்கும்? அந்தச் சீமாட்டி அதை சர்ச் பஜாரில் கேக் விற்றுக்கொண்டே எல்லோருக்கும் சொல்லிச் சிரித்தாளாம். மிஸஸ் லம் ஒரு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை.

"அதுக்கு மேல நீங்க வேற வந்து கம்பளி கம்பளின்னீங்க," என்றாள் மிஸஸ் கிளெக். "எங்க வீட்டுக்காரர் அத்தை வேல்ஸ்ல இருந்து அனுப்பின கம்பளி ஃபிளானல் அது. தெருவுலயே அது ஒண்ணுதான். நான் மட்டும் போட்டு அனுப்பிட்டு, மத்தவ பிள்ளைங்க காகிதத்துல நிக்கட்டும்னு விடவா? அப்படி விட்டா நான் மனுஷியா?"

இல்லை என்று டாக்டர் தலையசைத்தாள். சட்டையை எப்படித் துவைக்கிறீர்கள் என்று கேட்டாள்.

மிஸஸ் கிளெக் ஏதோ கெட்ட வார்த்தையைக் கேட்டவள் போலப் பார்த்தாள். "வெல்ஷ் ஃபிளானல யாராவது துவைப்பாங்களா? வெந்நீர் பட்டா சுருங்கிப் போயிடும். பிரஷ் போட்டு, உதறி, மடிச்சு வெப்பேன். அங்க பாருங்க."

டாக்டர் பார்த்தாள். அலமாரியின் கீழ் இழுப்பறை பாதி திறந்திருந்தது. லாவெண்டர் தூவிய காகிதத்தின் மேல், நெஞ்சுப்பக்கம் மேலே தெரிய மடித்து வைத்த சட்டை. அதன் நடுவில், ராஜா போலச் சுருண்டு, ஒரு கொழுத்த சாம்பல் பூனை.

"இது யாரு?"

"ஜெனரல். அங்கதான் தூங்குவான். வேற எடம் புடிக்காது அவனுக்கு."

டாக்டர் குனிந்து ஜெனரலின் காதைப் பிடித்து வெளிச்சத்தின் பக்கம் திருப்பினாள். காதுக்குப் பின்னால் மயிர் உதிர்ந்து ஒரு வட்டம். தாடைக்குக் கீழே இன்னொன்று. பூனையின் தாடை படிந்த இடத்தைச் சட்டையில் பார்த்தாள். நெஞ்சு, இடது பக்கம்.

மிஸஸ் கிளெக்கும் பார்த்தாள். அவளுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அடப் பாவி," என்றாள் பூனையைப் பார்த்து. பிறகு மெதுவாக, "அத்தன பிள்ளைக்கும் நானே என் கையால மாட்டி விட்டேனே, டாக்டரம்மா."

"மாட்டச் சொன்னது நான்," என்றாள் டாக்டர். "பழி ஆளுக்குப் பாதி."

பிறகு மிஸஸ் கிளெக் எழுந்து, பின்கட்டில் துணி வெளுக்கும் அண்டாவுக்குத் தீ மூட்டினாள். தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் சட்டையை இரு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றாள். சவப்பெட்டியை இறக்கும்போது நிற்பார்களே, அப்படி.

"வேற வழி இல்லையா?"

"இல்ல."

போட்டாள். மூடினாள். ஜெனரலுக்கும் அன்றே அயோடின் தடவப்பட்டது. அந்தச் சண்டையில் இரண்டு பெண்களின் கையிலும் கீறல் விழுந்தது.

சபையில் எதுவும் பெயர் சொல்லிப் பேசப் போவதில்லை என்று வாசலில் நின்று டாக்டர் சொன்னாள். அப்படியானால் எப்படி ஜெயிப்பீர்கள் என்று மிஸஸ் கிளெக் கேட்டாள். டாக்டர் கையுறையை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

*

வியாழக்கிழமை டவுன்ஹாலில் காஸ் விளக்குகள் சீறிக்கொண்டு எரிந்தன. மாடத்தில் பொதுஜனம் உட்கார்ந்து பார்க்கலாம், பேசக் கூடாது. கில்ன் தெருப் பெண்கள் சால்வையோடு மாடத்தின் முன்வரிசையைப் பிடித்துக்கொண்டார்கள். தன் கட்சி என்று நினைத்து பார்ஸ்லோ அவர்களைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கினார்.

டாக்டர் எழுந்து சுருக்கமாகப் பேசினாள். படர்தாமரை வந்த வழி தெரிந்துவிட்டது. பரிசோதனை அறைக்குள் வந்து போன ஒரு துணிதான் காரணம். குழாய் இல்லை. அந்தத் துணியைக் கொதிக்க வைத்தாயிற்று. இனி வராது.

பார்ஸ்லோ மெல்ல எழுந்தார். ஜவுளிக்காரருக்குத் துணி என்றதும் மூக்கு வேர்த்துவிட்டது.

"யாரோட துணி, டாக்டர்?"

"என் அறைக்குள்ள வந்த துணி. பொறுப்பு என்னோடது."

"ஆக, தப்பு உங்க பேர்லதான்." பார்ஸ்லோ சபையைச் சுற்றிப் பார்த்தார். "நண்பர்களே, டாக்டரே ஒத்துக்கிட்டாங்க. இனி பேச என்ன இருக்கு? ஓட்டுக்கு விடுங்க."

மேயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கு டாக்டரைப் பிடிக்கும். ஆனால் கைகள் உயரத் தொடங்கியிருந்தன. எண்ணிப் பார்க்காமலே தெரிந்தது, தீர்மானம் ஜெயிக்கப் போகிறது. டாக்டர் கைப்பையை எடுத்துக்கொண்டாள்.

"அது என்னோடது."

குரல் மாடத்திலிருந்து வந்தது. சேவகன் அதட்டினான். மிஸஸ் கிளெக் அவனைப் பார்த்தாள். அவன் பிறந்தபோது தொப்புள்கொடியை வெட்டியவள் அவள். அவன் உட்கார்ந்துவிட்டான்.

மிஸஸ் கிளெக் சால்வைக்குள்ளிருந்து எதையோ எடுத்து இரண்டு விரலால் தூக்கிக் காட்டினாள். பொம்மைக்குப் போடுகிற அளவில், கெட்டித்துப்போய், ஒரு சட்டை.

"இதுதான் அந்தத் துணி, மேயர் ஐயா. நேத்து வரைக்கும் அஞ்சு வயசுப் பிள்ளை போட்டது. எங்க தெருப் பிள்ளைங்க எல்லாருக்கும் இது ஒண்ணுதான். கரிக்கொட்டகையில நின்னு மாத்தி மாத்திப் போட்டு அனுப்பினது நான். நோயைக் குடுத்தது என் பூனை. டாக்டரம்மாவுக்கு நேத்தே தெரியும். எங்க மானத்தக் காப்பாத்த, பழியத் தன் தலையில போட்டுக்கிட்டு நிக்கறாங்க."

உயர்ந்த கைகள் உயர்ந்தபடியே நின்றன.

"ஏன் ஒண்ணே ஒண்ணுன்னு கேளுங்க," என்றாள். "கவுன்சிலர் பார்ஸ்லோ கடையில ஃபிளானல் விக்கிற விலைக்கு, ரெண்டாவது வாங்கணும்னா எங்க வீட்டுக்காரர அடகு வெக்கணும். அவர யாரும் எடுத்துக்க மாட்டாங்க."

முதலில் சிரித்தது மேயர்தான். பிறகு சபை முழுதும். அவள் கணவன் மாடத்தின் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தான். அவனும் சிரித்தான். பார்ஸ்லோ மட்டும் சுருங்கிப் போயிருந்தார், வெந்நீர் பட்ட ஃபிளானல் போல.

சிரிப்பு ஓய்ந்து மறுபடி கைகளை உயர்த்தச் சொன்னபோது, முன்பு தூக்கிய கைகளில் பல இந்த முறை எழவில்லை. தீர்மானம் தோற்றது. பரிசோதனை தொடரும் என்று மேயர் அறிவித்தார். தேநீர் அறையின் மறு பாதியையும் டாக்டருக்கே கொடுத்து, ஒரு அடுப்பும் வைக்க வேண்டும் என்று யாரோ பின்னிருந்து சொன்னார்கள். அதுவும் நிறைவேறியது. பாவம், வாத்தியார்கள்.

*

வட்டங்கள் மறைந்தன. ஜெனரலின் காதில் மயிர் முளைத்தது. சுருங்கிய சட்டை மிஸஸ் லம்மின் புதுக் குழந்தைக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. அதை மட்டும் வாரா வாரம் கொதிக்க வைத்தார்கள், இனிச் சுருங்க இடமில்லை என்பதால்.

அடுத்த பரிசோதனை நாளில் அறையில் அடுப்பு கணகணவென்று எரிந்தது. கமிட்டிச் சீமாட்டிகள் யாரும் திரைக்கு இந்தப் பக்கம் வரக் கூடாது என்பது டாக்டரின் புது விதி. யார் எதைப் போட்டுக்கொண்டும் வரலாம் என்பது இன்னொன்று.

முதலில் வந்தவன் ஹோய்ல் வீட்டுப் பையன். டில்லியின் தம்பி. சட்டையைக் கழற்றினான். உள்ளே மார்பைச் சுற்றி, நூலால் ஒழுங்காகத் தைத்த செய்தித்தாள். மிஸஸ் ஹோய்ல் டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

டாக்டர் குனிந்து, பையனின் நெஞ்சில் இருந்ததை நிதானமாக வாசித்தாள். நாளைய பந்தயத்தில் பிளாக் டச்சஸ் என்ற குதிரை கட்டாயம் ஜெயிக்கும் என்று போட்டிருந்தது.

"இத நம்பிப் பணம் கட்டலாமா, மிஸஸ் ஹோய்ல்?"

மிஸஸ் ஹோய்லின் தோள்கள் தளர்ந்தன.

"கட்டாதீங்க, டாக்டரம்மா. அது போன வாரப் பேப்பர். அந்தக் கழுதை கடைசியா வந்துச்சு."

டாக்டர் தையலைப் பிரித்து, குழாயைக் கையில் தேய்த்துச் சூடாக்கி, பையனின் நெஞ்சில் வைத்தாள். தோலின் மேல்.